தார் மாதிரியா, கரி மாதிரியா?

"மோஷன் கறுப்பா போகுது டாக்டர்" என்று யாராவது சொன்னால், "எந்தக் கறுப்பு?" என்று திருப்பிக் கேட்பேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

தமிழில் கறுப்புக்கா பஞ்சம்? மைக்கறுப்பு, கரிக்கறுப்பு, அட்டக்கறுப்பு, காக்கா கறுப்பு, கன்னங்கரேல். நிறத்தோடு இன்னொன்றையும் இவை சொல்லிவிடும். கரி மங்கலானது, உலர்ந்தது. மையில் ஈரம் இருக்கும். தார் பளபளக்கும், பிசுபிசுக்கும். வயிற்று மருத்துவனுக்கு வேண்டியது அந்த இன்னொன்றுதான்.

ஒரு பெரியவரை மகள் அழைத்து வந்திருந்தார். "இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுறார், அதனாலதான்" என்று மகளே முடிவும் சொல்லிவிட்டார். பெரியவர் விடவில்லை. "அது வேற கறுப்புங்க. இது ரோட்டுக்கு ஊத்துற தாரு. ரெண்டு வாளி தண்ணி ஊத்தியும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நாத்தம் தாங்கல."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை, உடனே அட்மிட் செய்தோம். ரத்தத்தின் அளவைக் காட்டும் ஹீமோகுளோபின் வெறும் 6, மிகக் குறைவு. மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை மூன்று வாரமாக, பல நாள் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. வாய் வழியே விடும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப்பி வழியாகவே ஊசி போட்டு, கிளிப் வைத்து நிறுத்தினோம்.

ரத்தம் என்றால் சிவப்பைத்தான் தேடுகிறோம். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்தால் அமிலமும் குடல் கிருமிகளும் சேர்ந்து அதைக் கறுப்பாக்கிவிடும். 50 மில்லி, அதாவது சின்ன டீ கிளாஸில் பாதி, கசிந்தாலே போதும். இதற்கு நாங்கள் சொல்லும் பெயர் மெலினா. கிரேக்க மொழியில் கறுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வலி மாத்திரை, ஆஸ்பிரின், குடியால் கெட்ட கல்லீரல், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி என்று காரணம் பல. (அந்தக் கிருமியை 1984இல் தானே குடித்துப் பார்த்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் முயல வேண்டாம்.)

இரும்பு மாத்திரைக் கறுப்பில் பச்சை கலந்திருக்கும். தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. முந்தின நாள் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டிருந்தாலும் கறுக்கலாம், அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தார் மாதிரி ஒருமுறை போனாலே அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். எழுந்தால் தலைசுற்றல், வியர்வை, படபடப்பு இருந்தால் 108ஐ அழையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டு வாருங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கசிவு நின்ற பிறகும் சில நாள் கறுப்பாகத்தான் போகும். நான்காம் நாள் ரவுண்ட்ஸ் போனபோது பெரியவரே முந்திக்கொண்டார்: "தாரு போயிடுச்சு டாக்டர். இப்ப வெறும் கரிதான்."