இக்னிஷன்: எரியூட்டலா, பற்றவைப்பா?

"எரியூட்டல் சுவிட்சைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, எரியூட்டல் சுருளின் நேர்முனையில் மின்னழுத்தம் உள்ளதா எனச் சரிபார்க்கவும்." ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய ரிப்பேர் கையேட்டை அக்கா மகன் செல்போனில் பார்த்து சத்தமாக வாசித்தான். பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறை. பானட்டைத் திறந்துபோட்டு நின்றது எங்கள் வீட்டுப் பழைய அம்பாசடர். மெக்கானிக் அண்ணன் எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "எரியூட்டணும்னா தத்தனேரிக்குல்ல தள்ளிட்டுப் போகணும் தம்பி."

மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காக: தத்தனேரி, வைகைக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊர்ச் சுடுகாடு.

முதலில் மூலச்சொல்லை முடித்துவிடுவோம். லத்தீனில் இக்னிஸ் என்றால் நெருப்பு. வடமொழி அக்னிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதிலிருந்து வந்த இக்னிஷன் என்பதற்குத் தீப்பிடிக்க வைப்பது என்று பொருள். பெட்ரோல் வண்டியில் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்த கலவையைப் பொறி வைத்துக் கொளுத்தும் வேலைக்கு இந்தப் பெயர். அவ்வளவுதான்.

இனி எரியூட்டல். சொல்லில் இலக்கணப் பிழை இல்லை. எரி என்றால் நெருப்பு, ஊட்டு என்றால் உண்ணக் கொடு. ஆனால் நாம் எதையெல்லாம் ஊட்டுகிறோம்? சோறு ஊட்டுகிறோம், பால் ஊட்டுகிறோம், அறிவூட்டுகிறோம். எல்லாமே நிதானமாக, உள்ளே இறங்கும்வரை செய்கிற காரியம். எரியூட்டுவதும் அப்படித்தான், சாம்பலாகும் வரை விடுவதில்லை. செய்தித்தாளில் "உடல் எரியூட்டப்பட்டது" என்று படித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கண்ணகி இந்த ஊருக்குச் செய்தாளே, அதைச் சொல்லவும் பொருத்தமான சொல். எஞ்சினில் நடப்பது வேறு. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் வண்டியில் நொடிக்கு 100 தடவை பொறி அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் கண் சிமிட்டுவதற்குள் பற்றி முடிந்துவிடுகிறது. இதில் யார் யாருக்கு ஊட்டுவது?

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போய்விட்டது? அடுப்பைப் பற்ற வை, பீடியைப் பற்ற வை என்று தினமும் சொல்கிறோம். பற்றவைப்பு. பொறி பட்டதும் பிடித்துக்கொள்கிற அந்தக் கணம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சிலர் தீமூட்டல் என்கிறார்கள். எனக்கு அதில் விறகும் ஊதுகுழலும்தான் தெரிகின்றன.

பற்றவைப்பின் மேல் ஒரு நியாயமான புகார் உண்டு. தொழிற்பயிற்சிப் பாடங்களில் வெல்டிங்குக்கும் அதே சொல்லை ஆள்கிறார்கள். பற்று என்றால் ஒட்டிக்கொள்வதும்தான். ஈயம் வைத்து ஒட்டுவதற்குப் பற்றாசு என்ற பழைய சொல்லே இருக்கிறது. ஆனால் எந்தப் பட்டறையிலும் வெல்டிங்கைப் பற்றவைப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பற்றவைப்புச் சுருள்" என்று எழுதினால் வெல்டிங் ராடைத் தேடி ஒருவரும் ஓடமாட்டார். அந்த ஆபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பெரிய குழப்பம் சுவிட்சில்தான். அதன் வேலை கொளுத்துவது அல்ல. சாவியைத் திருப்பினால் பேட்டரி கரண்டைக் காயிலுக்கு, அதாவது பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருளுக்கு, விடும். இன்னும் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டுக்கும், அதாவது அதன் மின்காந்தச் சுவிட்சுக்கும், விடும். டீசல் வண்டியில் பொறியே கிடையாது, அழுத்தத்தின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அங்கேயும் இதற்கு இக்னிஷன் சுவிட்ச் என்றுதான் பெயர். ஆங்கிலக்காரன் பழக்கத்தில் விட்டுவைத்த பிசகை நாம் எதற்கு மெனக்கெட்டு மொழிபெயர்க்க வேண்டும்? சாவி சுவிட்ச் என்றால் போதும். சாவி போர்த்துக்கீசியச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் நண்பர்கள் திறவுகோலை நீட்டுவார்கள். நீட்டட்டும். எனக்குத் தூய்மையைவிட வண்டி ஓடுவது முக்கியம்.

ஸ்டார்ட்டரைத் 'தொடக்கி' என்கிறார்கள். இன்னும் சிலர் 'துவக்கி'. ஈழத்து நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், அங்கே துவக்கு என்றால் துப்பாக்கி. ஆள் கையால் சுற்றாமல் தானே சுற்றுவதால் அது செல்ஃப் ஸ்டார்ட்டர். 1912 கேடிலாக் காரில் வந்ததற்கு முன்னால் ஹேண்டில் போட்டு, கை வலிக்கச் சுற்றியவர்களுக்குத்தான் அந்த 'செல்ஃப்' அருமை தெரியும். நம் பட்டறைகள் வாலை வெட்டிவிட்டுத் தலையை வைத்துக்கொண்டன: "செல்ஃப் எடுக்கலை." தமிழில்தான் வேண்டும் என்றால் கிளப்பி என்று வையுங்களேன். வண்டியைக் கிளப்பு என்றுதானே சொல்கிறோம்?

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒருநாளாவது பானட்டைத் திறந்து பார்த்திருப்பார்களா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். அதே பக்கத்தில் "பூமிக் கம்பியை இறுக்கவும்" என்றும் இருந்தது. நாலு ரப்பர் டயரில் நிற்கிற காரில் பூமி எங்கே வந்தது? அது பாடி எர்த். கரண்ட் திரும்பி வருகிற வழி, வண்டியின் இரும்பு உடம்பு. உடலிணைப்பு என்று எழுதலாம். இரண்டு ஒயர் உரசித் தீப்பிடித்தால் செய்தியில் 'மின்கசிவு' என்று எழுதுகிற கூட்டமும் இதே ரகம். ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டரியை இறக்குகிறதே, அதுதான் கசிவு. இது குறுக்குச்சுற்று. பாடநூலிலேயே இருக்கிற சொல்.

சரி, வண்டிக்கு வருவோம். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பற்றவில்லை. சாவியிலிருந்து கையை எடுக்கிற நேரத்தில் மட்டும் ஒரு இருமல். அண்ணன் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பாடியில் கவ்வவிட்டு, மறு முனையைக் காயிலின் பிளஸ்ஸில் வைத்தார். "சாவியப் போடுங்க." எரிந்தது. "செல்ஃப் அடிங்க." அணைந்தது. கையை எடுத்ததும் மறுபடி எரிந்தது. பேட்டரி இறங்கியிருந்தால் விளக்கு மங்கியிருக்கும். இது அடியோடு அணைந்தது. சாவி சுவிட்சுக்குள், செல்ஃப் அடிக்கிற நிலையில் காயிலுக்கான தொடுமுனை தேய்ந்துபோய், செல்ஃப் சுற்றுகிறபோது கரண்ட் போகவே இல்லை. கையை எடுத்ததும் கரண்ட் வரும், ஆனால் அதற்குள் செல்ஃப் நின்றுவிடும்.

புது சுவிட்சை மாட்டும்போது ஒயர்களுக்கு அடையாளம் வைக்க, மருமகன் பிளாஸ்டர் கிழித்துப் பேனாவோடு தயாரானான். "என்ன மாமா எழுதட்டும்?" நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "செல்ஃப், காயில், பேட்டரி. சீக்கிரம் எழுது தம்பி, அடுத்த வண்டி நிக்குது."