தெரியும் என்று மனம் சொல்லும்போது

ஒரு பாடத்தை மூன்றாம் முறையாகப் படித்து முடித்த மாணவி, இது தெரிந்ததுதான் என்று புத்தகத்தை மூடி வைக்கிறாள். கண் எங்கும் தடுக்காமல் வரிகளின் மேல் ஓடியதால் வந்த உணர்வு அது. தடங்கலின்றிப் படிக்க முடிவது வேறு, புத்தகம் இல்லாமல் எடுத்துச் சொல்ல முடிவது வேறு என்பது அவளுக்கு அப்போது தோன்றுவதில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு அமர்வுகளையும் படிப்பதிலேயே செலவிட்டவர்களும், ஓர் அமர்வில் படித்துவிட்டு மற்ற மூன்றில் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் முதல் குழுவினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்கள் நினைவுகூர்ந்தது சுமார் 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் நினைவுகூர்ந்ததோ 61 விழுக்காடு.

தன் அறிவைப் பற்றித் தனக்கே இருக்கும் இந்த அறிவை மீயறிதல் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970-களில் இதைத் தனி ஆய்வுத் துறையாக நிலைநிறுத்தினார். 1990-இல் ஆய்வாளர்கள் நெல்சனும் நாரென்ஸும் இதைக் கண்காணிப்பு, கட்டுப்பாடு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். தெரியும் என்று மாணவி உணர்ந்தது கண்காணிப்பு. அதை நம்பிப் புத்தகத்தை மூடியது கட்டுப்பாடு. முன்னது பிசகினால் பின்னதும் பிசகும்.

மனத்தால் தன் நினைவறையை நேராகத் திறந்து பார்க்க முடியாது. படிக்கும்போது இருந்த எளிமை, விடை வந்த வேகம், செலவிட்ட உழைப்பு போன்ற அடையாளங்களைக் கொண்டு அது ஊகிக்கத்தான் செய்கிறது. எந்த அடையாளத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களிடமிருந்தே கற்கிறோம் என்பதால், பண்பாடு நுழையும் வாசல் இதுவே என்பது என் கருத்து. 2020-இல் சிசிலியா ஹேய்ஸும் ஸ்டீஃபன் ஃபிளெமிங் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும், வெளிப்படையாகப் பேசக்கூடிய மீயறிதலின் ஒரு பகுதி பண்பாட்டு மரபாகவே கைமாறுகிறது என்று வாதிட்டார்கள். 'நிச்சயமாகத் தெரியுமா?', 'எப்படித் தெரியும்?' என்று பெரியவர்கள் கேட்கக் கேட்கத்தான் குழந்தை தன் உள்ளுணர்வுக்குப் பெயர் வைக்கிறது. நம் மொழியும் இதற்குக் கைகொடுக்கிறது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் இடையே 'ஆம்' என்ற சிறு ஒட்டைத் தவிர வேறுபாடில்லை. ஆனால் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன் என்ற அறிவிப்பு அதற்குள் அடங்கிவிடுகிறது.

தோல்விக்கு எப்படிப் பொருள்கொள்வது என்பதிலும் பண்பாட்டு வேறுபாடு தெரிகிறது. ஸ்டீவன் ஹைன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பணியில் தோற்றதாகச் சொல்லப்பட்ட ஜப்பானிய மாணவர்கள் அதே வகைப் பணியில் கூடுதல் நேரம் ஈடுபட்டார்கள். வட அமெரிக்க மாணவர்களோ வென்றதாகச் சொல்லப்பட்டபோதுதான் அதை நீடித்தார்கள். இன்னும் உழைக்க வேண்டிய இடம் எது என்பதை ஒருவருக்குக் காட்டும் தவறு, மற்றொருவருக்கு இது நமக்கான துறை இல்லை என்று சொல்லிவிடுகிறது. 'ஹான்செய்' என்ற பெயரில், அன்று தாம் செய்ததைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் இருப்பதையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம்.

ஆனால் இத்தகைய ஒப்பீடுகளில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மீயறிதலை அளக்க ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு வழி, கணக்கைப் போடும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்வது. ஹீஜங் கிம் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிய வம்சாவளி அமெரிக்க மாணவர்கள் அவ்வாறு பேசிக்கொண்டே வடிவப் புதிர்களை விடுவித்தபோது அவர்களது திறன் குறைந்தது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அப்படி ஆகவில்லை. பிறகு, புதிர் விடுவிக்கும்போதே எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கச் செய்து, உள்ளுக்குள் பேசும் வழியை அடைத்துப் பார்த்தார். இம்முறை தடுமாறியவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். பேச்சே சிந்தனை என்று நம்பும் மரபில் உருவான அளவுகோல், மௌனமாகச் சிந்திப்பவரை அளக்கும்போது அளக்கும் பொருளையே கலைத்துவிடுகிறது.

'என் கற்றலை நான் திட்டமிடுகிறேன்' போன்ற கூற்றுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடச் சொல்லும் வினாப்பட்டியல்களும் இதே குற்றத்துக்கு ஆளாகின்றன. மாணவர்கள் தம்மைச் சுற்றியுள்ளவர்களோடு ஒப்பிட்டே எண்ணைத் தேர்கிறார்கள். கடுமையாக உழைக்கும் வகுப்பில் இருப்பவர் தனக்கு மூன்று கொடுத்துக்கொள்ள, சோம்பலான வகுப்பில் இருப்பவர் கூசாமல் ஐந்து போடுவார். நாடுவாரியாக இந்த எண்களைச் சராசரியாக்கித் தரவரிசை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தன்னை மதிப்பிடுவதே பழக்கத்தால் வருவது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1931, 1932 ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் சென்ற சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா, உங்கள் குணத்தில் உள்ள குறை என்ன என்று கேட்டபோது, பள்ளி அறியாத உழவர்கள் பலர் வறுமையைப் பற்றிப் பேசினார்கள், அல்லது என்னைப் பற்றி மற்றவர்களைக் கேளுங்கள் என்றார்கள். கூட்டுப்பண்ணைக் கூட்டங்களில் அமர்ந்து, வேலையின் நிறைகுறைகளை எடைபோட்டுப் பழகியவர்களோ தம் குறைகளைத் தாமே சொன்னார்கள். வெளியூரிலிருந்து வந்தவரிடம் தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டவர்களும் அந்த முதல் குழுவில் இருந்திருக்கக் கூடும் என்ற ஐயம் எனக்கு உண்டு.

தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்லும் இம்முறைகளைவிட, ஒருவரை அவரோடேயே ஒப்பிடும் அளவை நியாயமானது. ஒவ்வொரு விடையின் அருகிலும் அது சரியாக இருக்கும் என்று எவ்வளவு நம்புகிறோம் என்பதைக் குறித்துவிட்டு, பிறகு திருத்திப் பார்த்தால், நம்பிக்கையின் ஏற்ற இறக்கம் சரி, தவறுகளோடு ஒத்துப்போகிறதா என்று தெரியும். அடக்கமாகக் குறைத்துக் குறிப்பவரும் தாராளமாகக் கூட்டிக் குறிப்பவரும் இதில் ஒரே தராசில் நிற்கலாம். லண்டன், பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்களை இவ்வகை முறையில் ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வில், பெய்ஜிங் மாணவர்கள் தம் சரியான விடையையும் தவறான விடையையும் சற்றுக் கூர்மையாகப் பிரித்தறிந்தார்கள். ஆனாலும் இரண்டு பல்கலைக்கழகங்களை இரண்டு நாகரிகங்களாகக் கொள்வது மிகை.

புத்தகத்தை மூடிய மாணவியையும் இதே வழியில் சோதிக்கலாம். மூடிய உடனே கேட்டால் அவள் கணிப்பு வரிகளின் எளிமையைச் சார்ந்திருக்கும். சற்று நேரம் கழித்துக் கேட்டால், அவள் விடையை நினைவிலிருந்து தேடிப் பார்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கும். நெல்சனும் டன்லோஸ்கியும் 1991-இல் காட்டியபடி, அந்தத் தாமதக் கணிப்புதான் உண்மைக்கு மிக நெருங்கி வருகிறது.