நுரையீரல் புற்றுநோய்: சீன மூலிகைப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

"சீன மூலிகைச் சத்து நுரையீரல் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கிறது" என்ற செய்தி மறுபடியும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதை நம்பிப் பொடியும் கேப்ஸ்யூலும் வரவழைத்து, கீமோ நடக்கும்போதே கொடுக்கிறார்கள். செய்தி பொய்யில்லை. ஆனால் எங்கே தடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆய்வகத் தட்டில் தடுத்தது. பெரும்பாலும் ஏ549 என்ற செல்களில். 1972-ல் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை வளர்த்துவரும் செல்கள் அவை. தட்டின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்ததும், பிப்பெட் என்ற சொட்டுக்குழாயின் நுனியால் நடுவே ஒரு கோடு கீறுவார்கள். சத்தை ஊற்றி, 24 மணி நேரம் கழித்து அந்தக் கோடு எவ்வளவு மூடியிருக்கிறது என்று படம் எடுப்பார்கள். மூடாவிட்டால் "நகர்வு தடைப்பட்டது". செல்கள் செத்தாலும் கோடு மூடாதுதானே? அதனால் இப்படி ஒரு கட்டுரை கைக்கு வந்தால், செல்கள் உயிரோடு இருந்தனவா என்று தனியாகச் சோதித்தார்களா என்பதைத்தான் மருத்துவக் குழுவில் இருக்கும் நாங்கள் முதலில் தேடுவோம். அந்தத் தட்டில் இரத்த ஓட்டம் கிடையாது, கல்லீரல் கிடையாது, இந்த நோய் போய் உட்காரும் எலும்பும் மூளையும் கிடையாது.

அளவையும் பாருங்கள். ஹுவாங்லியன் என்ற சீன மூலிகைக் கிழங்கின் மஞ்சள் சத்து பெர்பெரின். நம் மரமஞ்சளில் இருப்பதும் அதுதான். தட்டில் 10 மைக்ரோமோலார் செறிவில் ஊற்றினாலே மில்லிக்கு 3,000 நானோகிராமுக்கு மேல் ஆகிறது. 400 மி.கி. விழுங்கியவரின் இரத்தத்தில் மில்லிக்கு ஒரு நானோகிராம்கூடத் தேறுவதில்லை. குடலும் கல்லீரலும் அதை உள்ளே விடுவதில்லை. பத்து மடங்கு சாப்பிட்டால் ஆகாதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பத்து மடங்கு போட்டாலும் தட்டின் அளவு எட்டாது, வயிறுதான் கெடும்.

நன்மைக்குப் போதாத அதே அளவு, கெடுதலுக்குப் போதும். பெர்பெரினைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிப்3ஏ4 (CYP3A4) என்ற கல்லீரல் நொதி மந்தமாகும். நுரையீரல் புற்றுநோய்க்கான கெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மாத்திரைகளைச் சிதைத்து வெளியேற்றுவது பெரிதும் அந்த நொதிதான்; அது மந்தமானால் மருந்து உடலில் தேங்கும். இன்னொன்று, சீனக் கஷாயங்களில் பாதிக்கு மேல் சேர்க்கும் அதிமதுரம். நாள்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும். அதே வகை மாத்திரையான ஓசிமெர்டினிப் எடுப்பவருக்கு ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரம்) ஏற்கெனவே நீளக்கூடும். பொட்டாசியமும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

ஃபாங்ஜி என்ற பெயரில் வரும் சீன மூலிகை வேரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மருந்தில் அதற்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி கலந்துவிட்டது 1993-ல் வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது, பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனம்தான். சிறுநீரகத்தை ஏற்கெனவே வருத்தும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறும்போது இது வேண்டவே வேண்டாம்.

சீன மரங்களிலிருந்து மருந்தே வரவில்லையா? வந்திருக்கிறது. ஷிஷு என்ற சீன மரத்தின் கேம்ப்டோதெசின் என்ற சத்தை 1966-ல் வால், வானி என்ற வேதியியலாளர்கள் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அதன் சோடியம் உப்பை மனிதருக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தம் கசிந்தது, சோதனையை நிறுத்தினார்கள். மூலக்கூறை மாற்றி உருவாக்கிய டோப்போடிக்கான் 1998-ல்தான் அமெரிக்காவில் சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 1.5 மி.கி., தொடர்ந்து ஐந்து நாள், 21 நாளுக்கு ஒரு சுற்று. பட்டையைக் கொதிக்கவைத்து இந்தக் கணக்கைக் கொண்டுவர முடியாது.

ஏற்கெனவே ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மறைக்காதீர்கள், யாரும் திட்டமாட்டார்கள். பொடியை வேறு டப்பாவில் கொட்டாமல், பொட்டலத்தையும் லேபிளையும் அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துவாருங்கள். எந்தத் தேதியிலிருந்து, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் என்று எழுதிவையுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், ஈசிஜி மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். கெஃபிட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரை எடுக்கும்போது புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.