அந்த ஓக் கட்டைகளைத் தீமிதிக்கு அனுப்ப வேண்டாம்

மரத்தைத் துளைக்கும் பூச்சிகளை அடையாளம் காண்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில், நார்த்டேல் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் பெரிய ஓக் மரம் நின்றது. சுவரோரம் அதன் காய்ந்த கிளையொன்று துண்டு துண்டாக அடுக்கப்பட்டிருந்தது.

"மரத்துக்கு ஒன்றும் இல்லை, தம்பி. ஒரு கிளைதான் பட்டுப்போய்விட்டது. புனித வெள்ளியன்று தீமிதிக்குக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றார் அந்த வீட்டுப் பாட்டியான ஆயா.

ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பட்டையில் பேனா முனையால் குத்தியதுபோல் வட்டமான துளைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துளையைச் சுற்றி ஈரம் காய்ந்த கருங்கறை. கத்தியால் பட்டையைச் சீவியதும் உள்ளே மரம் பழுப்பேறியிருந்தது. கட்டையைப் பிளந்தபோது சுரங்கப்பாதையில் கரிய, பளபளப்பான பெண் வண்டு ஒன்று இருந்தது. நீளம் கடுகளவு.

இதை அம்புரோசியா வண்டு என்பார்கள். கிரேக்கக் கதைகளில் அம்புரோசியா தேவர்களின் உணவு. நம் வழக்கில் அமுதம். 1836இல் ஷ்மிட்பெர்கர் என்பவர், இத்தகைய வண்டுகளின் சுரங்கச் சுவரில் படிந்திருந்த வெண்மையான பொருளை மரத்தின் சாறு என்று எண்ணி இந்தப் பெயரைச் சூட்டினார். அது பூஞ்சை என்பது பின்னரே தெரிந்தது. வண்டு மரத்தைத் தின்பதில்லை. வாயருகே உள்ள நுண்ணிய பைகளில் பூஞ்சையைச் சுமந்து வந்து, சுரங்கத்துக்குள் பயிரிட்டு, அந்த விளைச்சலைத் தானும் தின்று புழுக்களுக்கும் ஊட்டுகிறது. மரத்தைக் கொல்வது அந்தப் பூஞ்சைதான். நீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிட, கிளை கிளையாக மரம் காய்கிறது.

இந்த இனத்தின் ஆணுக்குப் பறக்கத் தெரியாது. பிறந்த சுரங்கத்திலேயே உடன்பிறந்த பெண்களோடு கூடிவிடுகிறது. பெண் கருவுற்ற பிறகே வெளியே வருகிறது. அதனால் புதிய ஊரில் ஒரு குடியையே தொடங்க ஒரே ஒரு பெண் போதும். ஒரு விறகுக் கட்டைக்குள் எத்தனை பெண்கள் இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இது 2017இல் இதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் தேசியத் தாவரவியல் பூங்காவில், லண்டன் பிளேன் மரங்களில் அடையாளம் காணப்பட்டது. பழைய மரபணுப் பதிவுகளைப் புரட்டியபோது, 2012இலேயே டர்பனில் பிடிபட்ட வண்டும் இதுவே என்று தெரியவந்தது. ஐந்தாண்டுகள் நம் தெருக்களில் பெயரில்லாமல் திரிந்திருக்கிறது. இன்று ஜோகன்னஸ்பர்க், ஜார்ஜ், நைஸ்னா, சோமர்செட் வெஸ்ட் என்று நெடுந்தொலைவு பரவிவிட்டது. கடுகளவு பூச்சி தன் சிறகால் அவ்வளவு தூரம் போயிருக்காது. லாரியில், விறகோடு போயிருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த வண்டின் கதையே பதில். 1868இல் ஐக்காஃப் என்ற பூச்சியியலாளர் இலங்கையிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு, இன்று யூவல்லேசியா ஃபார்னிகேட்டஸ் எனப்படும் இனத்தை விவரித்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தண்டைத் துளைத்து நம் மக்களின் உழைப்பைத் தின்ற வண்டையும் அதே பெயரால்தான் நெடுங்காலம் அழைத்தார்கள். 2003இல் கலிபோர்னியாவில் பிடிபட்ட வண்டையும் "அதே தேயிலை வண்டு" என்றே குறித்துக்கொண்டார்கள். அது அங்கே மரங்களை அழிப்பது 2012இல்தான் புரிந்தது. ஒன்றென்று நினைத்தது பல இனங்கள் என்று மரபணு காட்டியது. அவற்றில் ஒன்று 2018இல் குரோஷியோ என்ற கடல் நீரோட்டத்தின் பெயரால் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 2019இல் பழைய மூல மாதிரியை மறுபடி அளந்து பார்த்தபோது, ஃபார்னிகேட்டஸ் என்ற பெயர் நம் ஊர் மரங்களைத் துளைக்கும் இந்த வண்டுக்கே உரியது, தேயிலை வண்டின் பெயர் பெர்பிரேவிஸ் என்று முடிவாயிற்று.

இவற்றைக் கண்ணால் பிரித்தறிவது மிகக் கடினம். நுண்ணோக்கியின் கீழ் உடல் நீளத்தையும், சிறகுறையின் பின்சரிவையும், அதிலுள்ள மயிர்களையும் அளப்பேன். ஓர் இனத்தின் அளவு அடுத்த இனத்தின் அளவோடு கலந்துவிடும். ஆகவே மரபணுச் சோதனை இல்லாமல் நான் பெயர் எழுதுவதில்லை. ஆயா வீட்டு வண்டையும் சாராயப் புட்டியில் போட்டு, மரம், ஊர், தேதி குறித்துத்தான் எடுத்துச் சென்றேன். குறிப்பில்லாத வண்டு எனக்குப் பயன்படாது.

உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியவை ஓக், பிளேன், பாக்ஸ் எல்டர், மேப்பிள், பிறகு நாம் கல்யாண முருங்கை என்போமே, அதன் உறவான இந்நாட்டுப் பவள மரம். வேலியோர ஆமணக்கையும் விடாதீர்கள். அதிலும் இது குஞ்சு பொரிக்கிறது. துளை தெரிந்தால் கட்டையைக் கொல்லையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். பிரையி என்ற இறைச்சி வாட்டும் விருந்துக்கு, கல்யாணச் சமையலுக்கு, தீமிதிக்கு, எதற்குமே வேண்டாம். 2.5 சென்டிமீட்டருக்கும் சிறிய சில்லுகளாக அரைக்கலாம். இல்லையென்றால் நல்ல வெயிலில் நிறமற்ற பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி வைக்கலாம். கோடையிலும் குறைந்தது ஆறு வாரம் ஆகும். ஆயாவின் கிளையை வெட்டியவர் அதே ரம்பத்தோடு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. ரம்பத்தைச் சாராயத்தாலோ பிளீச்சாலோ துடைக்க இரண்டு நிமிடம் ஆகாது.

அந்த ஆண்டு கோயிலுக்கு வேறு விறகு போனது. கட்டைகள் சுவரோரம் விரிப்புக்கடியில் வெந்துகொண்டிருந்தன. மரத்தை உடனே வெட்ட ஆயாவுக்கு மனமில்லை. அவருடைய கணவர் நட்ட மரம். நானும் வற்புறுத்தவில்லை. பழைய துளை ஒவ்வொன்றையும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு வைக்கும்படி மட்டும் சொன்னேன். வட்டத்துக்கு வெளியே துளை தெரிந்தால் அது புதியது. மாதம் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்து, எண்ணி, எனக்குத் தொலைபேசியில் சொல்வார்.

"இந்த மாதம் இரண்டு, தம்பி. இரண்டும் தெற்குப் பக்கம்" என்றார் போன வாரம்.