டீன்: பத்துப் பேருக்குத் தலைவராக இருந்தவர்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 'முதல்வர் அலுவலகம்' என்று பலகை இருக்கும். ஆனால் நோயாளியோடு வந்தவர்கள் 'முதல்வர் அறை எங்கே?' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. 'டீன் ரூம் எந்தப் பக்கம்ங்க?' என்றுதான் கேட்பார்கள். செவிலியர்களும் 'டீன் ரவுண்ட்ஸ் வர்றாங்க' என்றுதான் சொல்வார்கள். பலகையில் ஒரு சொல்லும் வாயில் ஒரு சொல்லும் இருப்பதால், இந்த 'டீன்' யார், எங்கிருந்து வந்தவர், அவருக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்த்துவிடுவது நல்லது.

சொல்லின் வேர் ஓர் எண்ணில் இருக்கிறது. கிரேக்கத்தில் 'டெக்கா' என்றால் பத்து. அதிலிருந்து வந்தது 'டெக்கனோஸ்'. இலத்தீனில் அது 'டெக்கானுஸ்' ஆனது. ரோமானியப் படையில் பத்து வீரர் கொண்ட சிறு குழுவுக்குத் தலைவனாக இருந்தவன் டெக்கானுஸ். படையிலிருந்து அந்தச் சொல் கிறிஸ்தவ மடங்களுக்குப் போனது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குமுறையின் 21ஆம் இயல் முழுவதும் இவர்களைப் பற்றியதுதான். மடம் பெரியதாக இருந்தால் தலைமைத் துறவியின் சுமையைப் பகிர்ந்துகொள்ள டெக்கானுஸ்களை நியமிக்கலாம். அவர்களை மூப்பு வரிசை பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, வாழ்க்கை ஒழுக்கத்தையும் அறிவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாராவது தலைக்கனம் பிடித்து நடந்தால் மூன்று முறை வரை திருத்திப் பார்க்க வேண்டும், திருந்தாவிட்டால் நீக்கிவிட வேண்டும். பதவி உயர்வு என்றாலே பணிமூப்புப் பட்டியலை எடுக்கிற நம் காலத்தில் இதைப் படிக்கும்போது, சொல் மடத்துக்கு வந்த காலத்திலேயே அதன் பொறுப்பும் எழுதப்பட்டிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மடத்திலிருந்து பேராலயம், பேராலயத்திலிருந்து பல்கலைக்கழகம். பிரெஞ்சில் இது 'துவாயேன்' என்று திரிந்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தின் (ஃபேகல்டி) தலைவருக்கு அந்தப் பட்டம்தான். கீ பத்தேன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1650 முதல் 1652 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஒரு துறையின் மூத்தவர் என்ற பொருளும் துவாயேனுக்கு உண்டு. பழைய பிரெஞ்சு வடிவத்திலிருந்து ஆங்கிலம் 'டீன்' என்று எடுத்துக்கொண்டது.

இதே கிரேக்கச் சொல் வேறொரு வழியாக, டீன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் வந்துவிட்டது. சோதிடத்தில் 'திரேக்காணம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 30 பாகை கொண்ட ஓர் இராசியை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 10 பாகை, அதுதான் திரேக்காணம். கிரேக்க வானியலின் டெக்கனோஸ் வடமொழிக்குள் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த வடிவம் அது. ஆக, சாதகம் எழுதுபவரின் திரேக்காணமும் மருத்துவமனையின் டீனும் ஒரே பத்தில் பிறந்தவை.

சரி, இன்றைய டீன் என்ன செய்கிறார்? இங்கேதான் மொழிபெயர்ப்புச் சிக்கல் தொடங்குகிறது. ஒரே பெயரில் உள்ள பதவி இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் டீன் கல்லூரிக்கும் தலைவர், அதோடு இணைந்த மருத்துவமனைக்கும் தலைவர். எம்.பி.பி.எஸ். மாணவரின் வருகைப்பதிவு, ராகிங் தடுப்புக் குழு, துறைத் தலைவர்களின் கூட்டம் எல்லாம் அவர் மேசைக்கு வரும். மருந்து இருப்பு, படுக்கைப் பற்றாக்குறை, செய்தியாளர் சந்திப்பு ஆகியவையும் அதே மேசைக்குத்தான் வரும். மருத்துவமனைப் பக்கம் கண்காணிப்பாளரும் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலரும் துணை நிற்பார்கள். கல்லூரிப் பக்கம் துணை நிற்பவர் 'வைஸ் பிரின்சிபால்'. தலைவர் டீனாக இருக்கும்போது துணைவர் மட்டும் ஏன் பிரின்சிபாலின் துணைவர்? பழைய பெயரின் மிச்சம் அது. 1939இல் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றபோது அவருடைய பதவியின் பெயர் பிரின்சிபால்தான்.

புதுச்சேரி ஜிப்மரில் நிலைமை வேறு. நிறுவனத்தின் தலைவர் இயக்குநர். டீன் அவருக்குக் கீழே கல்விப் பணிகளைக் கவனிப்பவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இயக்குநர், கல்லூரியின் பிரின்சிபால், மருத்துவக் கண்காணிப்பாளர் என்று பொறுப்புகள் தனித்தனி.

இலங்கைத் தமிழர் டீனைப் 'பீடாதிபதி' என்பார்கள். அங்கே பல்கலைக்கழகப் புலத்துக்குப் பெயர் பீடம். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் தலைவர் மருத்துவ பீடாதிபதி. ஆனால் பக்கத்தில் இருக்கும் போதனா வைத்தியசாலை அவருடைய பொறுப்பில் இல்லை. அது சுகாதார அமைச்சின் கீழ் வருவது, அதற்குத் தனியாகப் பணிப்பாளர் உண்டு. 'பீடாதிபதி' கம்பீரமான சொல். ஈழத்து வழக்கில் நன்றாக வேரூன்றியும் விட்டது. தமிழ்நாட்டில் அது மடத்துத் தலைவரையே நினைவூட்டும் என்பதால் இங்கே செல்லாது. டீனும் மடத்திலிருந்து வந்தவர்தான் என்பதை நினைத்தால் அந்தப் பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது.

அப்புறம், இங்கே எந்தச் சொல் வேண்டும்? 'முதல்வர்' என்பதற்கு இரண்டு இடையூறுகள். 'மருத்துவமனையில் முதல்வர் ஆய்வு' என்று தலைப்பு வந்தால் படிப்பவர் கோட்டையில் இருப்பவரைத்தான் நினைப்பார். அதைவிடப் பெரிய இடையூறு, பிரின்சிபாலுக்கும் அதே சொல் என்பது. பிரின்சிபாலும் டீனும் ஒரே வாக்கியத்தில் வரும்போது முதல்வர் என்ற சொல்லால் இருவரையும் பிரித்துக்காட்ட முடியாது. 'புல முதல்வர்' ஓரளவு உதவும். ஆனால் ஒரு புலத்தைத் தலைமை தாங்காத, மாணவர் நலனையோ ஆய்வையோ மட்டும் கவனிக்கிற டீன்களுக்கு அது பொருந்தாது.

'முதன்மையர்' என்ற சொல் ஏற்கெனவே கல்வி வழக்கில் இருக்கிறது. என் தேர்வு அதுதான். முதன்மை என்ற பண்பிலிருந்து அமைந்தது, ஆண் பெண் இருவருக்கும் பொது, மரியாதைப் பன்மையும் தானே உள்ளே இருக்கிறது. ஒரு புலத்தின் தலைவர் 'புல முதன்மையர்'. ஆய்வைக் கவனிப்பவர் 'ஆய்வு முதன்மையர்'. அசோசியேட் டீன் 'இணை முதன்மையர்'. பிரின்சிபாலுக்கு 'முதல்வர்' அப்படியே இருக்கட்டும்.

பேச்சில் டீன் போகாது, போகவும் வேண்டியதில்லை. டீனிடம், டீனுக்கு, டீனம்மா என்று தமிழ் அதை முழுக்கப் பழக்கப்படுத்திக்கொண்டுவிட்டது. அலுவலகப் பலகையில் மட்டும் 'முதன்மையர் (டீன்) அலுவலகம்' என்று இரண்டையும் எழுதினால், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர் யாரையும் கேட்காமலே உள்ளே போகலாம்.