ஒன்னாங்கிளாஸ்லயே நிக்கிற புழு

சி. எலிகன்ஸ்னு ஒரு புழு, மொத்த நீளமே ஒரு மில்லிமீட்டர்தான். முட்டைல இருந்து வந்ததும் நாலு லார்வா கட்டம் தாண்டித்தான் பெருசாகும், எந்த கட்டத்துல எந்த செல் பிரியணும்ங்கிற கணக்கு பிசகவே பிசகாது. ஆனா லின்-4ங்கிற ஜீன் கெட்டுப்போனா புழு ஒன்னாங்கிளாஸ்லயே நின்னுடும். உடம்பு வளரும், தோல் உரியும், செல்லுங்க மட்டும் முதல் கட்டத்து வேலையையே திரும்பத் திரும்ப செஞ்சுட்டிருக்கும், முட்டை வெளிய வர்ற துவாரமே உருவாகாது, அதனால முட்டை உள்ளயே பொரிஞ்சு குட்டிப் புழுங்க தாய் வயித்துக்குள்ளயே நெளியும். லின்-14ங்கிற இன்னொரு ஜீன் இல்லாத புழு நேர் எதிர், டபுள் ப்ரமோஷன் வாங்கி ரெண்டாங்கட்டத்துக்கு தாவிடும்.

அப்போ லின்-4 வேலை லின்-14ஐ அடக்குறதுதான், சரி, எப்படி? விக்டர் ஆம்ப்ரோஸ் லேப்ல லின்-4 செய்ற புரோட்டீன தேடுனா அப்படி ஒன்னு இல்லவே இல்ல, வெறும் 22 எழுத்து ஆர்என்ஏ துண்டுதான் இருந்துச்சு, இந்த மாதிரி குட்டித் துண்டுக்குத்தான் இப்போ மைக்ரோஆர்என்ஏன்னு பேரு. இன்னொரு பக்கம் கேரி ரவ்கன் பார்த்தது, முதல் கட்டம் முடியும்போது லின்-14 எம்ஆர்என்ஏ, அதாவது புரோட்டீன் செய்றதுக்காக ஜீன்ல இருந்து எடுக்குற நகல், அப்படியே இருக்கு, புரோட்டீன் மட்டும் காணாம போகுது. ரெண்டு பேரும் 1992ல எழுத்து வரிசைய ஒப்பிட்டுப் பார்த்தா அந்த துண்டு லின்-14 எம்ஆர்என்ஏவோட வால் பகுதில பல எடத்துல ஜோடி சேருது. 1993ல பேப்பர் வந்துச்சு, நோபல் வந்தது 2024ல.

நடக்குறது இதுதான். முதல்ல நீளமான ஆர்என்ஏ தானே மடிஞ்சு நிக்கும், டைசர்ங்கிற என்சைம் அத வெட்டும், வெட்டுன துண்டு ஆர்கோநாட் புரோட்டீனுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் பொருந்துற எம்ஆர்என்ஏவ புடிச்சு புரோட்டீன் தயாரிப்ப நிறுத்தும், இல்லன்னா எம்ஆர்என்ஏவயே அழிக்க விட்டுடும். விலங்குகள்ல 22 எழுத்தும் பொருந்தணும்னு கட்டாயம் இல்ல, முன்பக்கம் ஏழெட்டு எழுத்து சேந்தாலே பெரும்பாலும் போதும், அதான் ஒரே துண்டு நூத்துக்கணக்கான ஜீன்ல கை வைக்குது.

2000 வரைக்கும் இது ஏதோ புழு சமாச்சாரம்னுதான் விட்டுட்டாங்க. அந்த வருஷம் ரவ்கன் குழு கண்டுபிடிச்ச லெட்-7ங்கிற இன்னொரு மைக்ரோஆர்என்ஏ ஈ, மீன், மனுஷன்னு எல்லார்கிட்டயும் இருக்குன்னு தெரிஞ்சதும்தான் ஆளாளுக்கு ஓடி வந்தாங்க.

எனக்குப் புடிச்சது ஜீப்ராமீன் கேஸ். கருவோட முதல் சில மணி நேரம் அம்மா முட்டைல வெச்சுட்டுப்போன எம்ஆர்என்ஏலதான் ஓடும், சொந்த ஜீன் வேலைய ஆரம்பிச்சதும் மிர்-430ங்கிற மைக்ரோஆர்என்ஏ எக்கச்சக்கமா உருவாகி அந்தப் பழைய சரக்க காலி பண்ணும். டைசரே இல்லாத கருவுல மூளை வடிவம் கோணலா போயிடும், அதுக்கு மிர்-430ஐ மட்டும் ஊசில ஏத்துனா மூளை பெரும்பாலும் சரியா அமைஞ்சிடுது.