வட்டு: கேம் சிடிக்கு நம்மிடம் இருக்கும் சொல்

புதுச்சேரியில் வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளிடம் கேட்டால் எல்லாமே 'சிடி'தான். பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் இயந்திரத்துக்குப் போடும் டிவிடியும் சிடி, பிளேஸ்டேஷன் 4-க்குப் போடும் புளூ-ரேவும் சிடி. பேச்சுக்கு அது போதும். எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. குறுந்தகடா, குறுவட்டா, இலங்கையில் எழுதுவது போல இறுவட்டா, இசைத்தட்டு மாதிரி வெறும் தட்டா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் டிஸ்க்கைத் தமிழில் 'வட்டு' என்று சொல்வதே சரி. வடிவம் வட்டமாக இருப்பது மட்டும் காரணம் இல்லை. வட்டு என்ற சொல் பழங்காலம் தொட்டே விளையாட்டில் இருக்கிறது.

முதலில் டிஸ்க்கைப் பார்ப்போம். இதன் மூலம் கிரேக்கச் சொல்லான 'டிஸ்கோஸ்'. எறிதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. களத்தில் வீரர்கள் வீசி எறியும் கனமான வட்டத்துக்குப் பெயர். அது லத்தீனில் டிஸ்கஸ் ஆகி, அங்கிருந்து பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. சாப்பாட்டுத் தட்டைக் குறிக்கும் 'டிஷ்', மேசையைக் குறிக்கும் 'டெஸ்க்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே குடும்பம்தான். தமிழிலும் வட்டுக்குப் பக்கத்திலேயே உண்கலத்தைக் குறிக்கும் வட்டில் இருக்கிறது. நம் பள்ளி விளையாட்டு விழாவில் டிஸ்கஸ் த்ரோவை என்ன சொல்கிறோம்? வட்டு எறிதல். ஆக, இந்த இரண்டு சொற்களையும் நாம் ஏற்கெனவே ஒன்றாக நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம்.

அதற்கும் வெகு காலம் முன்னே வட்டு ஆட்டக் கருவியாக இருந்தது. நற்றிணையின் 3-ஆம் பாட்டு, இளங்கீரனார் பாடியது. பாலை வழியில் ஒரு வேப்பமரம். அதன் புள்ளி புள்ளியான நிழலில், பொன் உரைக்கும் கட்டளைக் கல்லைப் போலத் தரையில் அரங்கு கீறி, 'கல்லாச் சிறாஅர் நெல்லி வட்டு ஆடும்' காட்சி. நெல்லிக்காய்தான் அங்கே வட்டு. கட்டம் போட்டு, கையில் ஒரு சிறு உருண்டையை வைத்துக்கொண்டு ஆடும் பிள்ளைகள். 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்' என்கிறது 401-ஆவது குறள். கட்டம் கீறாமல் வட்டு ஆடுவது போன்றது, நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது. பரிமேலழகர் வட்டாடலை உண்டை உருட்டல் என்று விளக்கிவிட்டு, அந்த நற்றிணை வரிகளையே சான்றாகக் காட்டுகிறார். அந்த வட்டு உருண்டை, இன்றைய வட்டு தட்டை. ஆனால் இரண்டும் ஆட்டத்துக்காகக் கையில் எடுக்கும் பொருள்கள். திரையைத் தொடுவதற்கு முன் விரல் தொடுவது வட்டைத்தான்.

குறுந்தகடு தவறான சொல் இல்லை. தகடு என்றால் மெல்லிய உலோகப் பரப்பு: பொன் தகடு, செப்புத் தகடு, கோயிலில் கட்டித் தரும் எந்திரத் தகடு. சிடிக்குள் உண்மையிலேயே ஓர் அலுமினியப் படலம் இருக்கிறது. ஆனால் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட வராது. கைக்குத் தெரிவதெல்லாம் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அப்புறம், 'குறு' என்ற முன்னொட்டு காம்பாக்ட் டிஸ்க்குக்கு மட்டும் பொருந்தும். டிவிடிக்கும் புளூ-ரேவுக்கும் அதை நீட்ட முடியாது. வட்டு என்றால் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். நெகிழ்வட்டு (ஃப்ளாப்பி), வன்வட்டு (ஹார்ட் டிஸ்க்) என்று கணினித் தமிழ் ஏற்கெனவே அந்த வழியில்தான் போகிறது.

சரி, வட்டையே கையில் எடுப்போம்.

1982-இல் பிலிப்ஸும் சோனியும் கொண்டுவந்த சிடியின் அளவு இன்றும் மாறவில்லை. குறுக்களவு 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர், நடுத்துளை 15 மில்லிமீட்டர். ஆள்காட்டி விரல் துளைக்குள் போக, கட்டைவிரல் விளிம்பைப் பிடிக்க, எடை சுமார் 15 கிராம். இந்தப் பிடி யாரும் சொல்லித் தராமலே வந்துவிடும். பெட்டியின் நடுப் பல்லிலிருந்து வட்டை விடுவிக்கும்போது வரும் 'டிக்' சத்தமும், இயந்திரத்துக்குள் அது சுழலத் தொடங்கும் இரைச்சலும் ஆட்டத்தின் முதல் சில நொடிகளாகவே மனத்தில் பதிந்தவை. அடிப்பக்கம் வானவில்லாக மின்னுவது சாயம் இல்லை. 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் போகும் தடம் ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது.

1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகள் அடியில் கறுப்பாக இருந்தன. கண்ணுக்குத்தான் அது கறுப்பு. சிடி படிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு அந்தச் சாயம் கண்ணாடி போல வழிவிடும். பிளேஸ்டேஷன் 2-இல் சிடியாக வந்த ஆட்டங்களுக்கு நீல அடிப்பக்கம். நின்டெண்டோவின் கேம்கியூப் இயந்திரத்தின் வட்டு வெறும் 8 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும். கிரான் டூரிஸ்மோ 2 என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் சில வெளியீடுகளில் வட்டின் முகப்பைச் சுரண்டினால் டயர் வாசனை வந்தது. தயாரித்தவர்களுக்கே இது தொட்டுப் பார்க்கும் பொருள் என்று தெரிந்திருந்தது. எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி.

புதுச்சேரி காந்தி சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வட்டு வாங்க நினைப்பவர்கள் அடிப்பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்தால் போதாது. சிடியில் தகவல் அடுக்கு இருப்பது மேலே, அச்சிட்ட படத்துக்கு நேர் கீழே. அடியில் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். அதனால் படத்தின் பக்கம் விழும் கீறல்தான் சிடியைக் கொல்லும். டிவிடி 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. தகவல் நடுவில் பத்திரமாக இருக்கும். புளூ-ரேவில் தகவல் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். 2003-இல் முதலில் வந்தபோது அதைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தே விற்றார்கள். கடினமான மேற்பூச்சு வந்த பிறகுதான் கூடு இல்லாமல் கையில் தர முடிந்தது. பற்பசை போட்டுத் தேய்ப்பது, கடையில் கொடுத்து மெருகேற்றுவது எல்லாம் சிடி, டிவிடியின் மேலோட்டமான கீறலுக்குச் சில நேரம் உதவும். புளூ-ரேவில் அதைச் செய்யவே கூடாது.

துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி இல்லை. வட்டில் எழுதிய தகவலோடு பிழை திருத்தும் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது; சிடியில் தடத்தின் மேல் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் விட்டுப்போனதை இயந்திரம் மீட்டுக்கொள்ளும். குறுக்கே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சமாகத்தான் வெட்டும். தடத்தோடு கூடவே ஓடும் கீறல் அந்தக் கணக்கைத் தோற்கடித்துவிடும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் வட்டு சுழலும்போது இயந்திரத்தை அசைத்தால் விழும் வளையக் கீறல் இந்த வகை.

கடலோரத்தில் வட்டுக்குப் பெரிய பகை ஈரம். பூச்சு விரிசல் விட்ட இடத்தில் காற்றும் ஈரமும் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். வட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஊசித் துளைகளாக ஒளி தெரியும். இதற்கு வட்டரிப்பு என்று பெயர் வைக்கலாம். ஆலையில் அச்சு வைத்து அழுத்திய வட்டு ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஒரு காலத்தில் ஊரெல்லாம் கைமாறிய, கணினியில் எரித்த, அதாவது லேசரால் தகவல் பதிந்த, வட்டு அப்படி இல்லை. அதில் தகவல் இருப்பது கரிமச் சாயத்தில். வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் வெளிறும். சன்னலோரத்தில் வைத்த எரித்த வட்டு ஒருநாள் படிக்காமல் போனால் இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று தண்ணீர் பார்த்த கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்: நனைந்த வட்டை உடனே தூக்கிப் போடாதீர்கள். சில நாள் நீரில் கிடந்தாலும் பாலிகார்பனேட் எளிதில் கெடாது. சேற்றைத் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் அலசி, நிற்க வைத்து நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஈரக் காகித உறையோடு அப்படியே காயவிட்டால்தான் காகிதம் முகப்பில் ஒட்டி, உரிக்கும்போது பூச்சையும் கொண்டு போகும்.

இனி புழக்கம். ஆட்ட வட்டு, வட்டுப் பெட்டி, வட்டு இயக்கி (டிஸ்க் டிரைவ்) என்று எழுதலாம். வகை பிரிக்க வேண்டிய இடத்தில் சிடி வட்டு, டிவிடி வட்டு, புளூ-ரே வட்டு என்பது போதும்; ஒவ்வொன்றையும் நீட்டி மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-க்கு இயக்கி இல்லாத வகையும் உண்டு. அது வட்டில்லாப் பதிப்பு. இப்போது சில பெட்டிகளில் முழு ஆட்டமும் வட்டில் இருப்பதில்லை, மீதியை இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது. அவற்றைத் திறவு வட்டு என்று தனியாகச் சொல்வது நல்லது. வாங்குபவருக்குத் தன் கையில் இருப்பது ஆட்டமா, ஆட்டத்தின் சாவியா என்று தெரிந்தாக வேண்டும்.